கிராட்ஸ் கோபுரத்தின் பெரிய முள்

1

வருஷத்தில் ஒரு நாள் என் மகன் எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. அது என் மைத்துனன் கோவிந்தன் இறந்த திதி. அன்று விடிந்ததும் என் மனைவி அலமேலு தலை முழுகுவாள். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் பையனைக் கீழ் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அவனும் ஏன் என்று கேட்பதில்லை. பள்ளிக்கூடப் பையையும் ஒரு துண்டு ரொட்டியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவான். எட்டு வயசுப் பிள்ளை, குடியிருந்த வீட்டைக் காலி செய்கிறவன் மாதிரிப் போவான்.

அக்காள் தம்பிக்குத் திதி செய்கிற வழக்கம் நம்மில் இல்லை. ஊரில் கோவிந்தனின் மகன் பாலாற்றங்கரையில் ஐயரை வைத்து முறைப்படி செய்கிறான். இங்கே நடப்பது அலமேலு தானாக வைத்துக்கொண்ட விரதம். இந்தப் பட்டணத்தில் அரிசி மருந்துப் பொட்டலம் மாதிரிச் சின்னச் சின்ன உறையில் விற்கிறது. அதை வாங்கிப் பொங்கி, ஜன்னல் ஓரத்தில் ஒரு கவளம் வைப்பாள். காக்கைக்கு வைத்ததைப் புறாக்கள் வந்து தின்றுவிட்டுப் போகும். கோவிந்தனுக்குப் புறாவாக வருவதுதான் சௌகரியமோ என்னமோ என்று ஒரு வருஷம் வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன். பல நாள் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆம்பூரிலிருந்து வரும் கடிதம் ஒவ்வொன்றிலும், சீமையில் இருக்கிற உனக்கு என்ன குறை என்று கேட்கிறீர்கள். சம்பளம் வருகிறது, கம்பளி இருக்கிறது, கால் நனையாத செருப்பு இருக்கிறது. குறையையும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். என் மனைவி பெற்ற பிள்ளையை மடியில் வைத்து ஏழு வருஷம் ஆகிறது.

2

முதலில் ஒன்று. நான் லண்டனில் இல்லை. உறையின் மேல் 'லண்டன் மாப்பிள்ளை' என்று எழுதுகிற என் சித்தப்பாவுக்கு இதை எத்தனை தடவை எழுதினாலும் ஏறாது. இது ஆஸ்திரியா தேசத்தில் கிராட்ஸ் என்கிற பட்டணம். கடல் பக்கத்தில் எங்கும் கிடையாது. ஊருக்கு நடுவில் மூர் என்று ஓர் ஆறு, அதில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. நம் பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதுவே முதலில் நம்ப முடியாமல் இருந்தது.

ஆம்பூர்ச் சாயபு ஒருவர் பாதி பதனிட்ட ஆட்டுத்தோலை இங்கே இருக்கிற ஒரு செருப்புத் தொழிற்சாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கட்டைப் பிரித்தால் நல்ல தோலும் பூச்சி அரித்த தோலும் கலந்து கிடக்கிறது என்று இங்கிருந்து ஓயாமல் புகார். சாயபுவுக்குப் பெரிய பேஜாராகப் போய்விட்டது. தோலைத் தொட்டுப் பார்த்தே பிரிக்கிறவன் என்று என்னைக் கூப்பிட்டார்.

"நீ போய் அங்கயே நின்னு பிரிச்சுக் குடுத்துட்டு வாப்பா. ரெண்டு வருஷம். அதுக்கு மேல உன்ன அங்க வச்சுக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?" என்றார்.

இரண்டு வருஷத்தில் சாயபுவின் வியாபாரம் நொடித்துப்போனது. தொழிற்சாலைக்காரர்கள் என்னை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் நான் சீமைக்காரன் ஆனேன். இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது.

வந்து இறங்கியபோது அலமேலு நிறைமாதக் கர்ப்பிணி. கர்ப்பத்தோடு கப்பல் ஏற்றாதே என்று அவள் அம்மா அழுதாள். தனியாக இருக்க மாட்டேன் என்று இவள் அழுதாள். எனக்கும் அவளை விட்டு வர மனசில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தெருவில், மூன்றாம் மாடியில் எங்களுக்கு ஒரு அறை கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே, ஊருக்கு நடுவில் ஒரு குன்று. குன்றின் மேல் கடிகாரக் கோபுரம். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே இருந்த கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தபோது, ஊர் ஜனங்கள் பணம் வசூலித்து அவர்களுக்குக் கொடுத்து இந்தக் கோபுரத்தை மட்டும் மீட்டுக்கொண்டார்களாம். நான் வேலூர்க் கோட்டையைப் பார்த்தவன், எனக்கு அது குட்டிக் கோபுரமாகத்தான் தெரிந்தது. ஆனால் கடிகாரம் பெரியது. எங்கள் ஜன்னலிலிருந்து முள் தெளிவாகத் தெரியும். வேற்று மொழிக்காரர்கள் நடுவில் தனியாகப் பகல் முழுக்க உட்கார்ந்திருந்த அலமேலுவுக்கு, இந்த ஊரில் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பிள்ளை பிறந்தது ஒரு பகல் வேளை. நான் தொழிற்சாலையில் இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது மருத்துவச்சி போய்விட்டாள். அலமேலு கண்ணை மூடிக்கொண்டே, "ரெண்டு மணி தாண்டிக் கொஞ்சம்ங்க. எழுதி வைங்க" என்றாள். மருத்துவச்சி சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு எழுதி வைத்தேன்.

3

பிறந்த நேரத்தை ஊருக்கு எழுதும்போது நான் எடுத்துக்கொண்ட சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. இங்கே மத்தியானம் என்றால் அங்கே அந்தி. வித்தியாசத்தை நானே கணக்குப் பார்த்து, தொழிற்சாலைக் கணக்கரிடம் சரிபார்த்து, ஜோசியர் குழம்பிவிடக் கூடாதே என்று இரண்டு நேரத்தையும் தனித்தனியாக எழுதினேன். பள்ளிகொண்டா ரங்கநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னது இது:

"ரோகிணி பொறந்து கொஞ்ச நேரம்தான் ஆயிருக்குது. ஒரு அரை மணி முன்னாடி பொறந்திருந்தா கார்த்திகையோட போயிருக்கும். இன்னா பண்றது? ரோகிணி, ஆம்பளப் புள்ள. மாமனுக்கு ஆகாது."

கண்ணன் பிறந்த நட்சத்திரம், கம்சன் கதை உங்களுக்குத் தெரியாததா. பரிகாரமும் உங்களுக்குத் தெரியும். கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, தாய்மாமன் பிள்ளையின் முகத்தை முதலில் அந்த எண்ணெயில்தான் பார்க்க வேண்டும். நேரே பார்க்கக் கூடாது. பிள்ளை கிராட்ஸில், மாமன் ஆம்பூரில். கடல் நடுவில். அதனால் தோஷம் தானாகவே கழிந்துவிடும் என்று நான் சொன்னேன். அலமேலு கேட்கவில்லை. அவளுக்குக் கோவிந்தன் தம்பி மட்டும் அல்ல. அப்பா இல்லாத வீட்டில் அவள் தூக்கி வளர்த்தவன்.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ரங்கநாதன் என்று பெயர் வைத்திருந்தோம். அவனுக்குச் சட்டை போட்டு, மை வைத்து, ஒரு படக்கடையில் புகைப்படம் எடுத்தோம். அந்தப் படத்தை அலமேலுவின் அம்மா எண்ணெய்க் கிண்ணத்துக்கு மேலே கவிழ்த்துப் பிடிக்க வேண்டும், கோவிந்தன் எண்ணெயில் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் அவன் கண்ணில் படவே கூடாது என்று விவரமாக எழுதிக் கடிதத்தோடு அனுப்பினோம்.

கடிதம் போய்ச் சேர்ந்தது கோவிந்தன் கையில். அவன் அப்போது தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தபால்காரர் ஷாப் வாசலிலேயே அவனைப் பார்த்துக் கொடுத்துவிட்டார். அக்கா பிள்ளையின் படம் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால் எந்த மாமன் வீடு போகும்வரை பொறுப்பான்? அங்கேயே கிழித்தான். கடிதத்தைப் படிக்கவில்லை, படத்தைப் பார்த்தான். "இன்னா மூக்கு பாருங்கடா, அப்பிடியே என் மூக்கு!" என்று வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினானாம். அன்று சாயங்காலம் அம்மாவின் திருப்திக்காக எண்ணெயிலும் பார்த்தான்.

4

ரங்கனுக்கு ஒரு வயசு நிறைவதற்குள் கோவிந்தன் போய்விட்டான்.

கழுத்தில் ஒரு கொப்புளம். வலி இல்லை. நடுவில் கரி மாதிரிக் கறுத்தது. ஜுரம் வந்தது, வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் முடிந்துவிட்டது. தோல் வேலையில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நோய் கண்டு செத்த மாட்டின் தோலைத் தொட்டால் வருகிற கொப்புளம் அது. அதே ஷாப்பில் அந்த வருஷமே இன்னும் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். அவர்கள் வீட்டில் யாருக்கும் ரோகிணியில் மருமகன் பிறக்கவில்லை. இதை நான் அலமேலுவிடம் சொன்னேன், கெஞ்சினேன், கத்தினேன். அவள் கடைசிவரை ஒரே பதில்தான் சொன்னாள்.

"அவன் நேரா பாத்துட்டான்ங்க."

அன்றைக்கு அவள் மடியிலிருந்து பிள்ளையைக் கீழே இறக்கி விட்டாள். அவள் கெட்டவள் இல்லை, அதை எழுதிவிடுகிறேன். வேளைக்குச் சோறு போடுவாள், துணி துவைப்பாள், ஜுரம் என்றால் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாள். அடித்ததே கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது. "உங்க புள்ள சாப்ட்டுச்சா?" என்று என்னிடம் கேட்பாள். அவன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால், அடுப்பில் ஏதோ கருகுவது போல உள்ளே போய்விடுவாள். பிள்ளை கொஞ்ச நாள் பின்னாலேயே ஓடினான். பிறகு நின்றுவிட்டான்.

அதற்குள் நாங்கள் வீடு மாறியிருந்தோம். தொழிற்சாலையை ஒட்டி, ஊருக்கு வெளியே. அங்கிருந்து குன்றும் தெரியாது, கோபுரமும் தெரியாது. கீழ் வீட்டில் ரேசி என்று ஒரு தையற்காரி, கல்யாணம் ஆகாதவள். ரங்கன் அவளை டான்டே என்று கூப்பிடுவான், அத்தை சித்தி எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரு சொல்தான். அவளுடைய தையல் மேஜைக்கு அடியில்தான் அவன் வளர்ந்தான். பேச்சும் அங்கேதான் வந்தது. என்னிடம் பாதித் தமிழ் பேசுவான். அம்மாவிடம் பேச வேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்புவான்.

ஊருக்குப் போய்விடலாம் என்று பார்த்தோம். அலமேலுவின் அம்மா பக்கத்து வீட்டுப் பையனை வைத்து எழுதியிருந்தாள். "நீ வாடி கண்ணு. புள்ளய மட்டும் இட்டுக்கினு வராத. கோவிந்தன் பொண்டாட்டி இந்த வீட்லதான் இருக்கா." பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போவது? நான் கோபத்தில் பதில்கூட எழுதவில்லை.

வருஷா வருஷம் அந்நியர் ஆபீசில் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கே வேலை இல்லை, நீ ஏன் இன்னும் இருக்கிறாய் என்று அங்கே கேட்பார்கள். தோல், ஆடு, ஆம்பூர் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் உளறுவேன். போன தடவை ரங்கனையும் அழைத்துப் போயிருந்தேன். குமாஸ்தா அவனிடம் ஏதோ கேட்டார். அவன் இந்த ஊர்த் தெருப் பேச்சில் சரளமாகப் பதில் சொன்னான். குமாஸ்தா சிரித்துவிட்டார்.

"இவன் எங்கள் பையன்" என்றார்.

அவர் பிரியமாகத்தான் சொன்னார். நான் ரங்கனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

5

இந்த வருஷத் திதிக்கு மறுநாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் குன்றின் மேல் அழைத்துப் போயிருக்கிறார்கள். ரங்கன் மூச்சிரைக்க வந்தான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அலமேலு பரிமாறிக்கொண்டிருந்தாள். அவன் என் பக்கத்தில் நின்றுகொண்டு, பாதித் தமிழும் பாதி ஜெர்மனுமாகக் கொட்டினான்.

"அப்பா, நம்ம கோபுரம் வேற மாதிரி. வாத்தியார் சொன்னார். பெரிய முள்ளு மணி. சின்ன முள்ளு நிமிஷம். எல்லாக் கடிகாரத்துக்கும் தலைகீழ்!"

எனக்கு அது தெரிந்த சங்கதிதான். முன்காலத்தில் மணி காட்ட ஒரே ஒரு பெரிய முள் மட்டும் இருந்ததாம். ரொம்ப தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று நீளமாக வைத்திருக்கிறார்கள். பிற்பாடு நிமிஷ முள்ளைச் சேர்த்தபோது அதைச் சின்னதாகச் செய்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சிரிப்பது இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. எனக்கும் தொழிற்சாலையில் சொன்னார்கள். நானும் சிரித்துவிட்டு மறந்துபோனேன். என் சட்டைப் பையில் கடிகாரம் இருந்தது, எனக்கு அந்தக் கோபுரம் எதற்கு?

"ஆமாண்டா, எனக்குத் தெரியுமே" என்று சொல்லிக்கொண்டே மோருக்காகக் கையை நீட்டினேன். மோர் வரவில்லை.

அலமேலு கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "இன்னா சொல்றான்?" என்றாள்.

"அந்தக் குன்று மேல இருக்குதே மணிக்கூண்டு, அதுல பெரிய முள்ளுதான் மணியாம்."

"எப்போலேர்ந்து?"

"ஆதியிலேர்ந்தே அப்பிடித்தான்."

அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அன்னிக்கு நான் அதுலதான் பாத்தேன்ங்க" என்றாள். "இவன் பொறந்தப்போ. அந்த மருத்துவச்சி பேசுறது எனக்குப் புரியுமா? அவகிட்ட நான் இன்னாத்த கேப்பேன்? புள்ள சத்தம் கேட்டுச்சு. ஒடனே தலைய திருப்பி ஜன்னல்ல பாத்தேன். சின்ன முள்ளு ரெண்டுல இருந்துச்சு. பெரிய முள்ளு ஒண்ண தாண்டி இருந்துச்சு."

"மணி அடிச்சது கேக்கலயா?"

"இந்த ஊர்ல எந்நேரமும் ஏதோ ஒரு மணி அடிச்சுக்கினேதான் இருக்குது. எனக்கு அதுவா கவலை?" அவள் குரல் இறங்கிப்போனது. "சின்ன முள்ளு மணி, பெரிய முள்ளு நிமிஷம். ஆம்பூர் ஸ்டேஷன்ல வச்சு கோவிந்தன்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தான். புள்ள பொறந்தா நேரம் பாக்கத் தெரிஞ்சிருக்கணும்க்கா, மறந்துடாதன்னு."

நான் எச்சில் கையோடு கணக்குப் போட்டேன். பெரிய முள் மணி என்றால் ஒன்று. சின்ன முள் இரண்டில் இருந்தால் பத்து நிமிஷம். ஒன்று பத்து. அவள் சொன்ன நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி முன்னால். அரை மணி முன்னால் என்றாலே கார்த்திகை என்று ஜோசியர் சொன்னதை நான் அவளுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. அதை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை.

"கார்த்திகை" என்றாள். "என் புள்ள கார்த்திகை."

எனக்கு அந்த நட்சத்திரத்திலும் நம்பிக்கை இல்லை, இந்த நட்சத்திரத்திலும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஏழு வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காததை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அறியாமலேயே செய்துவிட்டார் என்று நினைத்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முட்டாள்.

அலமேலு இரண்டு கையையும் நீட்டினாள். "ரங்கா, வாடா" என்றாள்.

அவன் வரவில்லை. என்னைப் பார்த்தான். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஜெர்மனில் கேட்டான்.

"கூப்பிடறாங்கடா, போ" என்றேன்.

போனான். அவள் அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, உச்சியை முகர்ந்து, வாய் விட்டு அழுதாள். "உன்னோட மாமன நீ ஒண்ணும் பண்ணலடா. நீ ஒண்ணும் பண்ணல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எந்த மாமன், என்ன பண்ணவில்லை என்று அவனுக்கு என்ன தெரியும்? யாரும் அவனிடம் சொன்னதில்லை. வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்க்கும்போது எப்படி இருப்பானோ அப்படிக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அசையாமல், முடிகிறவரை இருந்தான். பிடி தளர்ந்ததும் எழுந்து, கன்னத்தில் இருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் டான்டே வீட்டுக்குப் போகலாமா?" என்று என்னிடம் கேட்டான்.

6

அதற்குப் பிறகு அலமேலு விடவில்லை. அடுத்த சனிக்கிழமை அவனை உட்கார வைத்து எண்ணெய் தேய்க்கப் போனாள். வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். தானே குளிக்கிற வயசு வந்துவிட்டது. கதை சொல்லலாம் என்று உட்கார்ந்தாள். ஏரி என்றால் என்ன, புளியமரம் என்றால் என்ன என்று அவன் என்னைக் கேட்க, நான் ஜெர்மனில் சொல்ல, கதை நடுவிலேயே நின்றுபோனது. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றாள். அவன் பழக்க தோஷத்தில் கீழ் வீட்டிலேயே நுழைந்துவிட்டான். ரேசி நல்லவள். அவளே கையைப் பிடித்து மேலே கொண்டுவந்து விட்டுப் போனாள்.

"என்கிட்ட அவனுக்குக் கோபம் இருந்தா தேவலைங்க" என்றாள் அலமேலு ஒரு நாள். "கோபமும் காணோம்."

ஜோசியரைத் திட்டலாம், அவர் பஞ்சாங்கத்தில் உள்ளதைச் சொன்னார். கோபுரத்தைத் திட்டலாம், அது இருக்கிறபடிதான் இருக்கிறது. இவளைத் திட்ட என்னால் முடியாது. தம்பி சொல்லிக்கொடுத்ததைத் தப்பாமல் செய்தவள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள். ஊரிலிருந்து எப்போதோ வந்து, தீர்ந்துவிடுமே என்று பூட்டி வைத்திருந்த புளியில் குழம்பு வைத்தாள். மருந்துப் பொட்டல அரிசியில் சோறு. தட்டில் பிசைந்து, ரங்கனை எதிரில் உட்கார வைத்து, ஒவ்வொரு உருண்டையாக அவன் வாயில் ஊட்டினாள். அவனுக்குக் காரம் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரேசி அவனை மரியாதை தெரிந்த பிள்ளையாக வளர்த்திருக்கிறாள். கடைசி உருண்டை வரை தின்றான். பிறகு எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேஜைக்குள் தள்ளி, அம்மாவைப் பார்த்து லேசாகத் தலையைக் குனிந்து, "டாங்கே" என்றான்.

நன்றி என்று அர்த்தம். அலமேலுவுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் இத்தனை வருஷத்தில் அந்த ஒரு சொல் தெரியும்.

அவன் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அவள் சோறு ஒட்டிய கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அது நான் பால்காரிகிட்ட சொல்ற வார்த்தைங்க" என்றாள்.